விமானத்தில் யாரை முதலில் ஏற்றுகிறார்கள், ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையக் கேட்டில் பயணிகளைக் கூப்பிடும் ஒழுங்கைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களை வைத்தே பெரும்பாலும் பேசுகிறோம். நடுவில் ஒரே நடைபாதை, இரு பக்கமும் மும்மூன்று சீட் உள்ள விமானங்கள் அவை. குழப்பம் வராமல் இருக்க, சீட்டுகளின் அடுக்கை 'வரிசை' என்றும், ஆட்கள் நிற்பதைக் 'கியூ' என்றும் எழுதியிருக்கிறோம்.

ஏறுவதில் இவ்வளவு நேரம் எங்கே போகிறது? கேட்டில் போர்டிங் பாஸ் ஸ்கேன் செய்வதிலா?

இல்லை. ஸ்கேன் செய்ய ஒருவருக்குச் சில நொடிகள்தான் ஆகும். கேட்டைத் தாண்டிய பிறகும், விமானக் கதவு வரை போகும் மூடிய பாலமான ஏரோபிரிட்ஜில் கியூ நகராமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடைப்பு விமானத்துக்குள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளே இரண்டு வகை அடைப்பு உண்டு. 8-ஆம் வரிசைக்காரர் பெட்டியைத் தூக்கி மேலே வைத்து முடிக்கும்வரை அவருக்குப் பின்னால் வரும் எவரும் தாண்ட முடியாது, ஏனென்றால் நடைபாதையின் அகலமே சுமார் அரை மீட்டர்தான். இது நடைபாதை அடைப்பு. நடைபாதையை ஒட்டிய ஐல் சீட்டிலும் நடு சீட்டிலும் ஆள் உட்கார்ந்த பிறகு ஜன்னல் சீட்காரர் வந்தால் என்ன ஆகும்? இருவரும் எழுந்து நடைபாதைக்கு வந்து, அவரை உள்ளே விட்டு, மறுபடி உட்கார வேண்டும். இது சீட் அடைப்பு. அது முடியும்வரை நடைபாதையும் மூடியே இருக்கும்.

இரண்டில் கைப்பெட்டியால் வரும் அடைப்புதான் பெரியது. 1970-களோடு ஒப்பிட்டால் பயணிகள் ஏறும் வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது, சில இடங்களில் நிமிடத்துக்கு 9 பேர்தான் ஏறுகிறார்கள் என்று 1998-ல் போயிங் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்து, 2008-ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் போட்டது, மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. கட்டணத்தைத் தவிர்க்க எல்லோரும் பெட்டியைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்ததும் தலைக்கு மேலுள்ள இடம் சண்டைக்குரிய இடமாகிவிட்டது. ஏற்றும் ஒழுங்கைப் பற்றிய இன்றைய அக்கறைக்கு முக்கியக் காரணம் இந்தக் கைப்பெட்டிகள்தான்.

பின் வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினால் வேகமாக முடியாதா?

முடியாது. கேட்கும்போது நியாயமாகப் படும், ஆனால் சோதித்துப் பார்த்த முறைகளில் இது மிக மெதுவானவற்றில் ஒன்று. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 வரிசை, 180 சீட் உள்ள விமானத்தில் 26 முதல் 30 வரையிலான வரிசைகளை முதலில் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். 30 பேர் உள்ளே வருவார்கள். பெட்டியோடு நிற்கும் ஒருவர் ஏறக்குறைய ஒரு சீட் வரிசையின் நீளத்தை, அதாவது முக்கால் மீட்டரை, பிடித்துக்கொள்வார். ஆக 30 பேர் நின்றால் கியூ வால் பகுதியிலிருந்து முன் கதவு வரை நீளும். இவர்களில் தம் வரிசைக்குப் பக்கத்தில் நின்று பெட்டி வைக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? மிஞ்சிப்போனால் ஐந்து பேர். மீதி 25 பேரும் காலியாகக் கிடக்கும் சீட்டுகளுக்கு நடுவே வெறுமனே நிற்கிறார்கள். அந்தச் சீட்டுகளுக்கு உரியவர்களோ இன்னும் கேட்டில்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் பெட்டி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மொத்த நேரம் அமையும். ஒருவர் பெட்டி வைத்து உட்கார 15 நொடி ஆகிறது என்று எடுத்துக்கொண்டால், 180 பேரும் ஒருவர் முடித்த பின் ஒருவராகச் செய்ய 45 நிமிடம் ஆகும். எந்நேரமும் மூன்று பேர் சேர்ந்தாற்போல் செய்தால் 15 நிமிடம். ஆறு பேர் என்றால் ஏழரை நிமிடம். பின்னாலிருந்து ஏற்றும்போது வேலை நடக்கும் இடம் விமானத்தின் ஒரு மூலையில் சுருங்கிவிடுகிறது.

2020-ல் கொரோனா காலத்தில் பல நிறுவனங்கள் இந்த முறைக்குத் திரும்பியது உண்மைதான். உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து மற்றவர்கள் போவதைக் குறைப்பதே அப்போது நோக்கம், வேகம் இல்லை.

இதையெல்லாம் உண்மையான ஆட்களை வைத்து யாராவது சோதித்திருக்கிறார்களா?

ஆம். அதிகம் பேசப்படுவது ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளரின் சோதனை. 2008-ல் அவர் கணினியில் ஒரு முறையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 2011-ல் போயிங் 757-இன் மாதிரி உடற்பகுதி ஒன்றில் அதை ஆட்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். 12 வரிசை, வரிசைக்கு 6 சீட், மொத்தம் 72 பேர், கையில் பைகள்.

சில வரிசைகளை ஒரு தொகுதியாகச் சேர்த்துத் தொகுதி தொகுதியாக ஏற்றியபோது 6 நிமிடம் 54 நொடி ஆனது. பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஏற்றியபோது 6 நிமிடம் 11 நொடி. எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து ஏற்றியபோது 4 நிமிடம் 44 நொடி. ஜன்னல், நடு, ஐல் என்று ஏற்றியபோது 4 நிமிடம் 13 நொடி. ஸ்டெஃபன் முறையில் 3 நிமிடம் 36 நொடி.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது எண். எதையும் திட்டமிடாமல் வந்தவரை வந்தபடி விட்டதே, திட்டமிட்ட இரண்டு முறைகளைக் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடமோ அதற்கும் மேலாகவோ முந்திவிட்டது. ஆட்கள் கலந்து வரும்போது அவர்களுடைய சீட்டுகள் விமானம் முழுக்கச் சிதறியிருக்கும், அதனால் பல இடங்களில் ஒரே நேரத்தில் பெட்டி ஏறும்.

ஸ்டெஃபன் முறை எப்படி வேலை செய்கிறது?

பெட்டி தூக்குபவருக்குக் கை வீச இடம் வேண்டும், அதற்கு ஏறக்குறைய இரண்டு வரிசை நீளம் தேவை. அதனால் அடுத்தடுத்து நிற்பவர்களுக்கு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் சீட் இருக்கும்படி கியூவை அடுக்குகிறார். முதலில் வருபவர் 30-ஆம் வரிசை ஜன்னல், அவருக்குப் பின்னால் 28, பிறகு 26, 24 என்று ஒரே பக்கத்து ஜன்னல் சீட்காரர்கள். 15 பேர் உள்ளே வந்ததும் அந்த 15 பேரும் அவரவர் இடத்தில் நின்று ஒரே மூச்சில் பெட்டியை மேலே ஏற்றிவிடலாம். அடுத்து எதிர்ப்பக்க ஜன்னல், பிறகு ஒற்றைப்படை வரிசைகளின் ஜன்னல்கள், அதன் பிறகு நடு சீட், கடைசியில் ஐல். 15 பேர் கொண்ட 12 அலைகளில் 180 பேரும் முடிந்துவிடுவார்கள். சீட் அடைப்பு ஒன்றுகூட வராது.

அவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் எந்த நிறுவனமும் பின்பற்றவில்லை?

180 பேரைக் கேட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சரியான எண்ணில் நிறுத்த வேண்டும். அதைச் செய்யும் நேரத்தில் இந்த முறை மிச்சப்படுத்தும் நேரம் கரைந்துவிடும். டீ வாங்கப் போனவர் ஒருவர் தாமதமாக வந்தாலே ஓர் அலை உடைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே குடும்பத்தில் ஜன்னலில் உட்காரும் ஆறு வயதுக் குழந்தையை முதல் அலையிலும், ஐல் சீட் அம்மாவைக் கடைசி அலையிலும் அனுப்ப முடியுமா? எந்தக் கேட் ஊழியரும் அதைச் செய்யச் சம்மதிக்க மாட்டார். குடும்பங்களைச் சேர்த்தே விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் அலைகளாகப் பிரித்தாலும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்தில் அது கிட்டத்தட்ட ஜன்னல்-நடு-ஐல் முறையாகவே ஆகிவிடுகிறது.

யுனைடெட் ஏர்லைன்ஸின் 'வில்மா' முறை என்பது அதுதானா?

அதுதான். முன்பு வைத்திருந்து 2017-ல் கைவிட்ட முறையை யுனைடெட் 2023 அக்டோபர் 26 அன்று எகானமி பயணிகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. 2019-க்குப் பிறகு ஏறும் நேரம் இரண்டு நிமிடம் வரை கூடிவிட்டது என்றும், இந்த முறை அதே அளவு மிச்சப்படுத்தும் என்றும் நிறுவனம் சொன்னது. முன்னுரிமைப் பயணிகளெல்லாம் 1, 2-ஆம் குரூப்பில் போன பிறகு, 3-ஆம் குரூப்பில் ஜன்னல் மற்றும் அவசர வழி வரிசை, 4-இல் நடு சீட், 5-இல் ஐல். மிகக் குறைந்த கட்டணத்தில் பயணம் செய்பவர்களுக்கு 6. ஒரே புக்கிங்கில் இருப்பவர்கள் சேர்ந்தே ஏறலாம், எனவே குடும்பம் பிரிவதில்லை.

இரண்டு நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். ஒரு விமானம் ஒரு நாளில் ஐந்தாறு முறை பறக்கிறது என்றால் அந்த இரண்டு நிமிடம் ஒவ்வொரு முறையும் சேரும். மாலை விமானங்களின் தாமதம் பெரும்பாலும் காலையில் விட்ட நிமிடங்களிலிருந்து வளர்ந்து வருவது.

தலைகீழ் பிரமிடு என்று கேள்விப்பட்டோம். அது வேறா?

கொஞ்சம் வேறு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2003 வாக்கில் அமெரிக்கா வெஸ்ட் ஏர்லைன்ஸ் கொண்டுவந்தது. ஜன்னலிலிருந்து ஐலுக்கு வரும் ஒழுங்கையும் பின்னாலிருந்து முன்னால் வரும் ஒழுங்கையும் கோணலாகக் கலந்த முறை: முதலில் பின்பகுதி ஜன்னல்கள், அடுத்து முன்பகுதி ஜன்னல்களோடு பின்பகுதி நடு சீட்டுகள், கடைசியில் முன்பகுதி ஐல் சீட்டுகள். சீட் அடைப்பு குறையும், வேலையும் ஒரே மூலையில் குவியாது.

சீட் நம்பரே இல்லாமல் ஏற்றும் நிறுவனம் ஒன்று இருந்ததே?

சவுத்வெஸ்ட். அமெரிக்காவில் 1971-ல் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்தே யார் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதே அதன் வழக்கம். 2007 நவம்பரில் குரூப்போடு எண்ணும் சேர்த்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று குரூப், ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை. கேட்டில் ஐந்தைந்து எண்ணாகக் குறித்த கம்பங்கள் நிற்கும். 'ஏ 32' வைத்திருப்பவர் 31-35 கம்பத்தருகே போய் நிற்பார், சத்தமே இருக்காது. புறப்படுவதற்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு செக்-இன் திறக்கும், அந்த நொடியில் பட்டனைத் தட்டியவருக்கு நல்ல எண் கிடைக்கும்.

இது வேகமாக இருந்ததற்குக் காரணம் எளிது. 14-ஆம் வரிசையில் ஒருவர் பெட்டி வைத்துக்கொண்டிருந்தால், பின்னால் வருபவர் அவர் முடிக்கக் காத்திருக்காமல் 12-லேயே உட்கார்ந்துவிடலாம். சொந்தச் சீட் என்று ஒன்று இருந்தால் அப்படிச் செய்ய முடியாது.

ஆனாலும் அது முடிந்துவிட்டது. தங்கள் பயணிகளில் 80 சதவீதம் பேர் சீட் ஒதுக்கீட்டையே விரும்புகிறார்கள் என்று 2024 ஜூலையில் சவுத்வெஸ்ட் அறிவித்தது, 2026 ஜனவரி 27 முதல் ஒதுக்கிய சீட்டுகளுக்கு மாறியது. கால் நீட்ட இடம் அதிகமுள்ள சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்க வேண்டுமென்றால் சீட் ஒதுக்கீடு இருந்தே ஆக வேண்டும், அந்த வருமானமும் முடிவில் பெரிய பங்கு வகித்தது. வேகத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பழைய முறை போனது நஷ்டம்தான்.

பிசினஸ் கிளாஸ்காரர்கள் முன்னால் உட்கார்கிறார்கள். அவர்களை ஏன் முதலில் ஏற்ற வேண்டும்?

வேகக் கணக்கின்படி அதற்கு நியாயம் இல்லை, காரணம் வியாபாரம். முன்னுரிமை என்பதே விற்கப்படும் பொருள்: உயர் வகுப்பு டிக்கெட், அடிக்கடி பறப்போருக்கான தங்க, வெள்ளி அட்டைகள், வங்கிகளோடு சேர்ந்து தரும் கிரெடிட் கார்டுகள், தனியாகக் காசு கட்டி வாங்கும் முன்னுரிமை. அமெரிக்க நிறுவனங்களில் ராணுவத்தில் பணியில் இருப்பவர்களையும் முன்கூட்டியே கூப்பிடுவார்கள். இத்தனை பேரும் போன பிறகுதான் 'ஒழுங்கு' ஆரம்பிக்கிறது. அதற்குள் விமானத்தின் கணிசமான பகுதி நிரம்பியிருக்கும், அதனால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான முறையும் மிச்சப் பயணிகளுக்கு மட்டுமே பலன் தரும். குரூப் எண்ணிக்கை எட்டு, ஒன்பது என்று நீண்டது இப்படித்தான்.

முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதலில் போனால் எல்லோருக்கும் தாமதம் ஆகாதா?

நேர்மாறு. மெதுவாக நகர்பவர்களை முதலில் விடுவது மொத்த நேரத்தைக் குறைக்கிறது என்று இஸ்ரேலைச் சேர்ந்த எய்தன் பக்மத்தும் வேறு சில ஆய்வாளர்களும் 2019-ல் கணிதரீதியாகக் காட்டினார்கள். சார்பியல் கோட்பாட்டில் வரும் வெளி-காலக் கணிதத்தை இந்தக் கியூவுக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வு அது. மெதுவானவர்கள் ஒன்றாக உள்ளே போனால், ஆளுக்கொரு இடத்தில் நின்று ஒரே நேரத்தில் மெதுவாக இருப்பார்கள். அவர்களுடைய தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தாமதமாகிவிடும். கடைசியில் விட்டால் மற்ற எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர்களுடைய நேரம் தனியாகக் கூடும். ஆகவே கைக்குழந்தையோடு முதலில் போகும் தாயைப் பார்த்து முகம் சுளிக்க எந்தக் காரணமும் இல்லை.

அப்பா, அம்மாவுக்கு வீல்சேர் கேட்டிருக்கிறோம். எப்போது ஏற்றுவார்கள்?

எல்லோருக்கும் முன்னால் ஏற்றி, இறங்கும்போது கடைசியாக இறக்குவதே பொது வழக்கம். அமெரிக்காவில் உடல் இயலாமை உள்ளவர் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டில் சொன்னால் முன்கூட்டி ஏற்ற வேண்டும் என்பது சட்ட விதி.

புக்கிங் செய்யும்போதே மூன்றில் எது தேவை என்று தெளிவாகச் சொல்லுங்கள்: தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவார், படி ஏற முடியாது ஆனால் உள்ளே சீட் வரை நடப்பார், நடக்கவே முடியாது. மூன்றுக்கும் வெவ்வேறு குறியீடு, வெவ்வேறு ஏற்பாடு. இரண்டாவது, மூன்றாவது வகை என்றால், ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தில் ஆம்புலிஃப்ட் என்ற தூக்கு வண்டி வர வேண்டும். மூன்றாவது வகைக்கு நடைபாதையில் நுழையும் குறுகிய நாற்காலியும் வேண்டும். சாதாரணமாக 'வீல்சேர்' என்று மட்டும் பதிந்துவிட்டால், மூட்டுவலியுள்ள அம்மா விமானப் படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதாகிவிடும். இறங்கிய பிறகு இணைப்பு விமானம் இருந்தால், கடைசியாக இறங்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

போர்டிங் பாஸில் உள்ள 'சீக்வென்ஸ்' எண்தான் நான் ஏற வேண்டிய எண்ணா?

இல்லை. அது நீங்கள் எத்தனையாவது ஆளாகச் செக்-இன் செய்தீர்கள் என்பது மட்டுமே. 4 என்று இருந்தாலும் முன்னால் போக உரிமை இல்லை, 171 என்று இருந்தாலும் கவலை இல்லை. யார் இன்னும் வரவில்லை என்று ஊழியர்கள் தேடும்போது அந்த எண் பயன்படுகிறது. வராதவர் செக்-இன் பெட்டி கொடுத்திருந்தால் அதைச் சரக்கறையிலிருந்து தேடி இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்பும். நீங்கள் பார்க்க வேண்டியது ஸோன் அல்லது குரூப் என்று அச்சிட்டிருக்கும் எண்.

முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்தால் பாதி நேரத்தில் முடியுமா?

பாதியாகாது, ஆனால் நன்றாகவே குறையும். நடைபாதை ஒன்றே என்றாலும் வாசல் இரண்டாகி, வேலை இரண்டு இடத்தில் நடக்கும். ஐரோப்பாவில் ரயன்ஏர் 25 நிமிடத்தில் இறக்கி, ஏற்றி, திருப்பி அனுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் இண்டிகோ 2022-ல், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று வழியாக இறக்கும் முறையைத் தொடங்கியது. ஏ321-இல் 13, 14 நிமிடம் ஆகும் வேலை 7, 8 நிமிடத்தில் முடியும் என்று அப்போது சொன்னார்கள்.

கெடுவது எங்கே என்றால், 3-ஆம் வரிசைக்காரர் பின்கதவில் ஏறும்போது. கியூ சின்னதாக இருக்கிறதே என்று போய்விடுவார். உள்ளே போனதும் முழு நீளமும் எதிர்த்திசையில் வரவேண்டும், நடுவில் எங்கோ முன்கதவுக் கூட்டத்தோடு முட்டிக்கொள்வார். இருவருமே பெட்டியோடு நிற்கையில் ஒருவர் சீட்டுகளுக்குள் ஒதுங்கினால் ஒழிய அது அவிழாது. அப்படி இரண்டு பேர் செய்தாலே இரட்டைக் கதவின் லாபம் போய்விடும். 30 வரிசை விமானத்தில் 1 முதல் 15 வரை முன்கதவு, 16 முதல் பின்கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊழியர் வேறு சொன்னால் அதன்படி.

பஸ்ஸில் கொண்டுபோய் விடும்போது ஒழுங்கு என்ன ஆகும்?

கலைந்துவிடும். கேட்டில் ஸோன்படி விட்டாலும் பஸ்ஸில் எல்லோரும் கலந்து, கதவு திறந்ததும் மொத்தமாக இறங்குவார்கள். முதலில் பஸ்ஸில் ஏறி உள்ளே தள்ளப்பட்டவர் கடைசியில் இறங்குவதும் உண்டு. பஸ் பயணிகள் ஒரு வகையில் கலந்து ஏறுபவர்கள்தான், அதனால் உள்ளே வேகம் கெடுவதில்லை. கூட்டம் விமானப் படிக்கட்டின் அடியில் தேங்குவதுதான் பிரச்சினை.

ஏடிஆர் விமானத்தில் ஏன் பின்பக்கம் ஏற்றுகிறார்கள்?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் ஏடிஆர் 72-இல் பயணிகள் கதவு பின்புறம் இடப்பக்கம் உள்ளது, முன்புறம் சரக்குக் கதவு. இருபுறமும் இரண்டிரண்டு சீட். இங்கே 1-ஆம் வரிசைதான் கதவிலிருந்து மிகத் தொலைவு. முன் சீட் கிடைத்தது என்று மகிழ்பவர் கடைசியாகத்தான் இறங்குவார். மேலே உள்ள பெட்டி அறைகளும் சின்னவை, ஏ320-இல் வசதியாக நுழையும் சக்கரப் பெட்டியை இங்கே படியடியில் வாங்கிச் சரக்கோடு போட்டுவிடுவார்கள்.

விமானம் நிற்கும்போது அதன் வால் அடியில் ஒரு கம்பம் ஊன்றியிருப்பதைப் பாருங்கள். எல்லோரும் பின்கதவருகே கூடும்போது வால் தாழ்ந்துவிடாமல் தாங்கும் முட்டு அது. கிளம்பும் முன் எடுத்துவிடுவார்கள்.

வால் தாழுமா? உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2023 அக்டோபர் 22 அன்று நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் ஜெட்புளூவின் ஏ321 ஒன்று, முன்னால் இருந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, எடை பின்னால் சாய்ந்து வால் தரையில் இடிக்க, மூக்கு மேலே எழும்பியது. மீண்டும் மூக்கு கீழே இறங்கியது, யாருக்கும் காயம் இல்லை. 2021-ல் அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் யுனைடெட்டின் போயிங் 737-900 இதேபோல் வாலில் உட்கார்ந்தது. நீளமான விமானங்களில் எடை பரவலைக் கவனித்து இறக்க வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து ஏற்றும் முறைக்கு எதிராக இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பல சீட்டுகள் காலியாக இருக்கும் விமானத்தில் 'புறப்பட்ட பிறகு மாறிக்கொள்ளுங்கள், இப்போது உங்கள் சீட்டிலேயே இருங்கள்' என்று சொல்வதும் இதே கணக்கால்தான்.

ஏறியதும் 'பெல்ட் போடாதீர்கள்' என்று அறிவித்தார்கள். ஏன்?

அப்போது எரிபொருள் நிரப்புகிறார்கள். தீ ஏதும் பிடித்தால் உடனே வெளியேற வேண்டும், அதனால் பெல்ட் இல்லாமல் இருக்கச் சொல்கிறார்கள். கதவு வழிகளும் அடைபடாமல் இருக்க வேண்டும்.

என் குரூப் வருவதற்கு முன்பே கியூவில் புகுந்தால் என்ன?

ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். 2024-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், குரூப் மாறி வருபவரின் பாஸை ஸ்கேன் செய்ததும் ஒலி எழுப்பும் முறையைச் சோதித்து, நூற்றுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களுக்குக் கொண்டுபோனது. முறை வரும்வரை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். இந்தியாவில் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து நிற்பதால், கூப்பிட்ட ஸோன்காரர் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பதுதான் இங்கே தினமும் நடக்கிறது.

6 மணி விமானம். 5.40-க்குக் கேட்டுக்குப் போனால் ஏன் விடவில்லை?

6 மணி என்பது விமானம் பின்னோக்கி நகரத் தொடங்கும் நேரம். இந்தியாவில் பல நிறுவனங்கள் அதற்கு 25 நிமிடம் முன்பே, அதாவது 5.35-க்கே, கேட்டை மூடிவிடும். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் 15 நிமிடம் முன்பு என்பது வழக்கம். மூடிய பிறகு தலை எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும், வராதவர் பெட்டியை இறக்க வேண்டும், எடைக் கணக்குத் தாள் விமானியிடம் போக வேண்டும், கதவு சாத்த வேண்டும். பல விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டார்கள். கேட் மாறியது திரையில் மட்டும் தெரியும், அடிக்கடி நிமிர்ந்து பாருங்கள்.

கடைசியில் ஏறினால் பெட்டி வைக்க இடம் இருக்காதே?

நிரம்பிய விமானத்தில் இருக்காதுதான். புதிய விமானங்களில் பெட்டிகளைப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கும் அறைகள் வந்திருக்கின்றன. போயிங்கின் புது வகை அறையில் நான்குக்குப் பதில் ஆறு பெட்டி கொள்ளும். அந்த அறை உள்ள விமானத்தில் பெட்டியைப் படுக்க வைத்தால் இன்னொருவர் இடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். இந்திய உள்நாட்டு எகானமியில் பொதுவாக ஒரு கைப்பெட்டி, 7 கிலோ.

கேட்டில் 'பெட்டியைக் கீழே போடுகிறோம்' என்று வாங்கினால், கொடுக்கும் முன் பவர்பேங்க், லேப்டாப், உதிரி பேட்டரிகளைக் கட்டாயம் வெளியே எடுங்கள். லித்தியம் பேட்டரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. மருந்து, பாஸ்போர்ட், நகை, வீட்டுச் சாவி ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். இவற்றை முன்கூட்டியே ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுப் பெட்டியின் மேலாக வைத்திருந்தால் கேட்டில் பெட்டியைப் பிரித்துப் போட வேண்டியிருக்காது.

பயணியாக நான் என்ன செய்தால் வேகமாக முடியும்?

விமானத்துக்குள் நுழையும் முன்பே, ஏரோபிரிட்ஜில் நிற்கும்போதே, காதொலிக்கருவி, தண்ணீர், புத்தகம், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட் எண்ணை மனத்தில் வையுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் திரும்பும்போது யார் தோளிலும் இடிக்காது. உங்கள் வரிசை வந்ததும் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு உடனே சீட்டுகளுக்குள் நகர்ந்துவிடுங்கள். மேலே இடம் இல்லை என்றால் பின்னோக்கித் தேடிப் போகாமல், போகிற வழியிலேயே உங்கள் வரிசைக்குச் சற்று முன்னால் காலியான இடத்தில் வைத்துவிடுங்கள். பின்னால் வைத்த பெட்டியை எடுக்க, இறங்கும்போது விமானம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐல் சீட்டும் சின்னப் பையும் மட்டும் உள்ளவர் கடைசி அழைப்பு வரை உட்கார்ந்திருந்தே போகலாம். ஜன்னல் சீட்காரர் தன் ஸோனின் தொடக்கத்திலேயே போய்விடுவது பக்கத்துச் சீட்காரர்கள் இருவரையும் எழுப்பாமல் காப்பாற்றும்.